பால்டின் என்று நான் பெயர் வைத்த சரக்கு

எனக்கு முப்பத்து நான்கு வயது. சாங்கி விமான நிலையத்துப் பக்கம் சரக்குக் கிடங்கில் என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னை ‘ரிட்டயர்டு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதினோரு வருடம் அங்கே இருந்துவிட்டு, ஒருநாள் பாஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது செங்காங்கில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். பொன்னாடை கிடையாது, பேச்சு கிடையாது. கேக் மட்டும் வெட்டினார்கள். அதிலும் செந்தில் என்ற என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

இதை எழுதச் சொன்னவன் தீபன். என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து இப்போது சுங்க பெர்மிட் போடுகிறவன். போன மாதம் போன் செய்தான்.

“அண்ணே, ரிட்டயர்டு அண்ணே, ஒரு ஹெல்ப்.”

“லீவு போட ஐடியா வேணுமா? காய்ச்சல்னு சொல்லு. வயித்து வலின்னா நம்ப மாட்டாங்க.”

“சீரியஸ் லா. இப்ப எந்தச் சரக்கை எடுத்தாலும் ‘பவர் ஸ்டேஷன்’னு போட்டு வருது. சுத்தி இருக்கிற நாடெல்லாம் நியூக்ளியர் கட்டப்போறேன்னு சொல்லுதுல்ல? வால்வு, பம்ப்பு, கேஜு... புதுசா சேர்ந்தவங்க அந்த வார்த்தையைப் பார்த்த உடனே நல்ல சரக்குன்னு தள்ளி விட்டுடறாங்க. உங்க பால்டின் கதைய எழுதிக் குடுங்கண்ணே. நான் வாயால சொன்னா ஜோக்குன்னு நினைச்சுச் சிரிக்கிறாங்க.”

ஜோக்காகத்தான் அது ஆரம்பித்தது. அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செகண்டரி மூன்றில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். கட்டாய ராணுவ சேவையான நேஷனல் சர்வீஸ் முடிந்ததும் இந்தக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் வேலை. பிறகு ஃபோர்க்லிஃப்ட். பிறகு, ஆள் பற்றாக்குறை வந்த சமயத்தில், கம்பெனியே என்னைப் பெர்மிட் போடும் பயிற்சிக்கு அனுப்பியது. பரீட்சையில் இரண்டாவது தடவை தேறினேன். முதல் தடவை யாருமே தேற மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

கம்பெனி சின்னது. கிடங்கில் ஒரு பக்கம் கப்பல்களுக்குப் போகும் சாப்பாட்டுச் சாமான்: அரிசி, டின் மீன், கண்டென்ஸ்டு மில்க். இன்னொரு பக்கம் மெஷின் சாமான்: மோட்டார், பம்ப், கேஜ். இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அறை. அதில் பவானி மேடம்.

எந்தச் சரக்கும் நாட்டை விட்டுப் போகுமுன் அவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பரம்பரை, பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். நம்மைப் போலத்தான் பேசுவார், ‘ஆமாம்’ மட்டும் அவரிடம் ‘ஓம்’ ஆகிவிடும். நான் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘செக்போஸ்ட்’ என்று பெயர் வைத்திருந்தேன். மூன்றாம் மாதமே அது அவர் காதுக்குப் போய்விட்டது. “நல்ல பேர்தான்” என்று சொல்லிவிட்டு, என் பெர்மிட்டில் இரண்டு தப்பைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் முதலில் பார்க்க மாட்டார். பெட்டியைத் திறக்கச் சொல்வார். சாமானின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைத் தேடி, மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசிப்பார். நான் எதிரே நின்று எழுத வேண்டும். நாற்பது சாமான் என்றால் நாற்பதையும். அப்புறம்தான் கட்டுப்பாட்டுப் பட்டியலைத் திறப்பார். ஆயுதத்துக்கும் பயன்படலாம் என்று அரசாங்கம் குறித்து வைத்திருக்கும் சாமான்களின் பட்டியல் அது. கடைசியாக இரண்டு கேள்வி: யாருக்கு? எதுக்கு?

“மேடம், ஸ்கூல்ல அட்டென்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு.”

“ஓம். பதில் சொல்லாத சாமான் பிளேன் ஏறாது.”

“நானெல்லாம் அட்டென்டன்ஸ்லயே பெயிலான ஆள்.”

“தெரியுது. எண்ணை எழுது.”

அணு என்ற வார்த்தையைக் கேட்டுப் பயப்படுகிறவர் இல்லை அவர். ஒரு தடவை ஏதோ ஒரு நாட்டின் அணுமின் நிலையத்துக்குப் பெரிய வால்வுகள் வந்தன. நான்கு நாள் நிறுத்தி வைத்தார். வாடிக்கையாளர் போனில் கத்தியது கண்ணாடிக்கு வெளியே இருந்த எனக்கே கேட்டது. வால்வு செய்த கம்பெனியிடமிருந்தும், வாங்குகிற நிலையத்திடமிருந்தும் கடிதம் வந்தது. இரண்டிலும் எண்கள் ஒத்துப்போயின. உடனே அனுமதித்துவிட்டார். “அவங்க ஊருக்குக் கரண்ட் வேணும், செய்யறாங்க. அதுல நமக்கு என்ன? சொன்ன இடத்துக்குப் போகுதான்னு மட்டும்தான் நம்ம பார்க்கணும்” என்றார். நான்கு நாள் திட்டு வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி பால்டின்.

ஒரு டிரேடிங் கம்பெனி எங்களிடம் அழுத்தம் அளக்கும் பிரஷர் கேஜ் பன்னிரண்டு கொண்டுவந்து கொடுத்தது. கேஜ் என்றால் முள் வைத்த வட்டம் என்று நினைக்காதீர்கள். முள் கிடையாது, எழுத்து கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிற டப்பா, மேலே ஒரு குழாய், பக்கத்தில் ஒயர் செருக ஓர் இடம். பார்க்க அசல் கண்டென்ஸ்டு மில்க் டின். “டேய், பால்டின் வந்திருக்குடா” என்றேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குமரேசன் சிரித்தான். ஒரு வாரத்தில் கிடங்கு முழுக்க அதற்கு அந்தப் பெயர்தான். எனக்குப் பெருமை. நான் வைத்த பெயர்கள் எல்லாமே அப்படி ஒட்டிக்கொள்ளும்.

பேப்பரில், வெளிநாட்டில் பழம் உலர்த்தும் ஆலைக்கு என்று போட்டிருந்தது.

அப்போது மேடத்தின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். மேடம் வார்டில் உட்கார்ந்தபடியே வேலை பார்த்தார். நான் போனில் சொல்வேன். அவர் தன் போனிலேயே ஒரு பட்டனை அழுத்துவார். அவர் பார்த்து அனுமதித்ததாகக் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும்.

“மேடம், பன்னெண்டு பெட்டி போகணும்.”

“என்ன சரக்கு?”

“பால்டின் மேடம்.”

பின்னால் நர்ஸ் யாரையோ கூப்பிடும் சத்தம். “யாருக்கு?”

“ஃபுட் பேக்டரிக்கு.”

“பேப்பர் எல்லாம் சரியோ?”

“டிப்டாப்பா இருக்கு.”

“ஓம். அனுப்பு.”

அனுப்பினேன். அவர் பக்கத்தில் இல்லாததால் தகட்டை வாசிக்கவில்லை. பெர்மிட்டில் ‘கேஜ், 12’ என்று அடித்தேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு பன்னிரண்டு வந்தது. பழைய பெர்மிட்டைக் காப்பி எடுத்துத் தேதியை மாற்றினேன். போனில் “திரும்பவும் பால்டின் மேடம், அதே ஆளுக்கு” என்றேன். அதே “ஓம்”.

அவரிடம் பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கிடங்கில் எல்லோருக்கும் பால்டின் என்றால் கேஜ்தானே. ஆனால் மேடம் அந்த இரண்டு மாதம் கிடங்குக்கே வரவில்லை. பால்டின் என்றால் அவருக்குப் பால்டின்தான். கப்பலுக்குப் போகும் பெட்டிகளில் வாரம் தவறாமல் அது இருக்கும்.

அவருடைய அப்பாவின் காரியம் முடிந்து அவர் திரும்பி வந்த வாரத்தில் மூன்றாவது பன்னிரண்டு வந்தது. காலை பத்து மணி. விமானம் சாயந்திரம் ஆறுக்கு. பெட்டியைத் திறந்து மேசையில் ஒன்றை வைத்தேன்.

“இது என்ன?”

“பால்டின் மேடம்.”

அவர் அதைக் கையில் எடுத்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீ போன்ல சொன்ன பால்டின்?”

“ஆமா மேடம். நீங்கதான் ரெண்டு தடவை ஓம் சொன்னீங்க.” சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

தகட்டை வாசித்தார். நான் எழுதினேன். பட்டியலைத் திறந்தார், இந்த மாதிரி கேஜ் அதில் இருந்தது. பிறகு, கேஜைச் செய்த கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்டைக் கூப்பிட்டு மாடல் எண்ணைச் சொன்னார். இது கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் ஆலைகளில் போடுவது என்றார்கள். சாதாரண உலோகத்தை அரித்துத் தின்றுவிடும் வாயுவையும் தாங்குகிற மாதிரி செய்தது என்றார்கள்.

“பழம் காய வைக்க இது எதுக்கு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு மூன்று பேப்பரையும் வரிசையாக வைத்தார். அப்போதுதான் பார்த்தார். முதல் இரண்டிலும் பழம் உலர்த்தும் ஆலை. மூன்றாவதில், அதே வாங்குபவர், அதே முகவரி. ஆனால் உபயோகம் ‘பவர் ஸ்டேஷன்’.

“போன மாசம் பழம் காய வச்ச ஆள், இந்த மாசம் கரண்ட் எடுக்கிறாரோ?”

“மேடம், அப்ப இது எதுக்கு?”

“யுரேனியத்தை வாயுவாக்கி ஒரு மெஷின்ல சுத்த விடுவாங்க. அதுல பிரஷர் பார்க்க இந்த மாதிரி ஒண்ணு வேணும். கொஞ்சம் சுத்தினா கரண்ட்டுக்கு எரிபொருள். நிறுத்தாம சுத்திக்கிட்டே இருந்தா குண்டு. மெஷின் ஒண்ணுதான் செந்தில்.” சத்தம் இல்லாமல் சொன்னார். “எதுக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நம்ம ரெண்டு தடவை அனுப்பியாச்சு.”

அனுப்பிய டிரேடிங் கம்பெனியின் முகவரி லிட்டில் இந்தியாவில், டன்லப் தெருவில் இருந்தது. போனை யாரும் எடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்து வா என்று மேடம் என்னை அனுப்பினார். எம்ஆர்டி ரயிலில் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். வாழையிலையோடு ஆட்கள் நிற்கும் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படி. மேலே ஒரே அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் தபால் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனி பெயர். மேசையில் ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கம்பெனி ஆளுங்களைப் பார்க்கணும்.”

“ஆளுங்க வரமாட்டாங்கண்ணே. லெட்டர் மட்டும்தான் வரும்.”

“லெட்டரை எடுக்க யாராச்சும் வருவாங்கல்ல?”

“ஆரம்பத்துல ஒருத்தர் வந்தாரு. அப்புறம் இல்ல. நீங்களும் ஏமாந்துட்டீங்களா?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். படியில் நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் உடனே சுங்கத்துக்குத் தகவல் கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது அதிகாரிகள் இரண்டு பேர் மூன்றாவது பன்னிரண்டை முத்திரை வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் எங்கள் இருவரையும் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். ஒரே டாக்ஸியில் போனோம். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினார்.

“முதல்ல என்னைக் கூப்பிடுவாங்க. ரெண்டு தடவையும் பேப்பரைப் பார்த்துட்டுத்தான் ஓகே பண்ணினேன், கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்லப் போறேன். நீ டைப் அடிச்ச ஆள். அவ்வளவுதான். வாயைத் திறக்காத.”

“மேடம், நீங்க பார்க்கலையே.”

“பட்டனை அழுத்தினது யார்? நீயா? உனக்கு வீடு வரப்போகுது, கல்யாணம் வரப்போகுது. பேர்ல ஒரு கேஸ் இருந்தா எங்க போய் வேலை தேடுவ?”

செங்காங்கில் எனக்கும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் அரசாங்க வீடு ஒதுக்கியிருந்தார்கள். அது கட்டி முடிந்து சாவி கைக்கு வந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அவர் போய்விட்டு வந்தார். பிறகு நான். அதிகாரி சீனர், என் வயது இருக்கும், மரியாதையாகப் பேசினார். என் ஆங்கிலம் பாதிக் கிணறு என்பதால் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலில், ஏற்கெனவே அனுப்பிய இருபத்து நான்கு கேஜின் சீரியல் எண்களைக் கேட்டார்கள். இல்லை என்றேன். அதிகாரி என்னைப் பார்த்தார். நாளைக்கு எங்காவது ஒரு ஆலையில் சர்வதேச அணு சோதனையாளர்கள் இப்படி ஒரு டப்பாவைக் கண்டுபிடித்தாலும், அது நம் வழியாகப் போனதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது என்று அந்த அம்மா எனக்கு விளக்கினார். இரண்டு பெர்மிட்டிலும் நான் எழுதாமல் விட்ட வரி அது.

அப்புறம் அதிகாரி மேடத்தைப் பற்றிக் கேட்டார்.

“இத்தனை வருஷமா ஒண்ணையும் விடாதவங்களாம். பேப்பரைப் பார்த்தேன்னு அவங்களே சொல்றாங்க. பார்த்தும் இந்த ரெண்டை மட்டும் எப்படி விட்டாங்கன்னு கேக்கறார்” என்றார் அந்த அம்மா. “வெளியாள் யாராச்சும் அவங்களை வந்து பார்த்தாங்களா, அவங்ககிட்ட பேசினாங்களான்னு கேக்கறார்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது சாமானுக்கும் நாற்பது எண்ணை வாசிக்கிற ஒருவர் ‘பார்த்தேன், விட்டுவிட்டேன்’ என்றால் யாரும் கவனக்குறைவு என்று நினைக்க மாட்டார்கள். விலை போனவர் என்றுதான் நினைப்பார்கள். என்னைக் காப்பாற்ற அவர் சொன்னது அவரையே அந்தப் போலிக் கம்பெனிக் கும்பலோடு உட்கார வைத்துவிட்டது.

“அவங்க பேப்பரைப் பார்க்கல” என்றேன். “நான் போன்ல பால்டின்னு சொன்னேன்.”

“மில்க் டின்னு எழுதறதா?”

“ஆமாங்க.”

“ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேக்கறார்.”

“அது நான் வச்ச பேரு. சிரிப்பா இருக்கட்டும்னு.”

அந்த அம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. டைப் செய்தார். அந்த ஒரு வரியை அவர் அடித்து முடிக்கும் வரை வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று தேடிப் பார்த்தேன். தோன்றிய எதுவும் உண்மையாக இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் அந்த அம்மா தமிழில் வாசித்துக் காட்ட, கையெழுத்துப் போட்டேன்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த இருபத்து நான்கும் இடையில் ஒரு துறைமுகம் வரை போனது தெரியவந்தது. அதற்குப் பிறகு எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் இருவர் மீதும் வழக்கு வரவில்லை. கடிதத்தில் கடுமையான எச்சரிக்கை வந்தது. கம்பெனி மேடத்திடமிருந்து அனுமதிக்கும் பொறுப்பை எடுத்துவிட்டது. என்னை மறுபடி பெர்மிட் போடச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் திறக்க வேண்டும் போல் இருந்தது. திறந்தால் மூட மனம் வரவில்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மூன்று பெர்மிட் போட்டேன். இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன். தீபன், நான் ஏன் வேலையை விட்டேன் என்று முன்பு கேட்டாயே, இதுதான் பதில். யாரும் என்னைத் துரத்தவில்லை.

இன்னொன்றையும் உன்னிடம் புதிதாகச் சேர்ந்த பசங்களிடம் சொல். எங்கள் காலத்தில் இந்த மாதிரி சாமான் எப்போதாவதுதான் வரும்; வந்தால் தனியாகத் தெரியும். இனிமேல் நிறைய வரும். அதில் ஏறக்குறைய எல்லாமே நிஜமாகவே கரண்ட்டுக்குத்தான் போகும். அதுதான் கஷ்டம், குண்டுக்குப் போவதும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அந்த மூன்றாவது பேப்பரை எழுதியவனுக்கு இது அப்போதே தெரிந்திருந்தது.

அன்றைக்கு நான் அறையை விட்டு வெளியே வந்தபோது மேடம் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போயிருப்பார் என்று நினைத்தேன். காத்திருந்தார்.

“என்ன சொன்ன?”

“எல்லாத்தையும்.”

“பால்டினையுமா?”

“அதைத்தான் மேடம் சொன்னேன்.”

கண்ணை மூடிக்கொண்டார். “நான் பேப்பரைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன், செந்தில்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்ன உண்மை அவரைப் பொய்க்காரி ஆக்கியிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மேடம், அவங்க உங்களை வேற மாதிரி நினைச்சுட்டாங்க. யாரோ உங்ககிட்ட பேசியிருக்காங்கன்னு... நீங்க பார்த்தும் விட்டீங்கன்னு சொன்னா வேற எப்படி நினைப்பாங்க? உங்களை எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்ல.”

கோபத்தில் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கைப்பையை என் மடியில் வைத்தார்.

“பிடிச்சுக்கோ.”

எழுந்து போய்க் கதவைத் தட்டினார். “நான் கொடுத்த ஸ்டேட்மெண்டை மாத்தணும்” என்று ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம். யார் யாரோ கடந்து போனார்கள். ஒருவரைப் பற்றியும் எனக்கு ஒரு கிண்டலும் தோன்றவில்லை.

வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பையை வாங்கிக்கொண்டார். வலது கையை விரித்து, திருப்பி, பார்த்துக்கொண்டார்.

“காலையில கையெழுத்துப் போடும்போது நடுங்கிச்சு” என்றார். “இப்ப நடுங்கல.”